சூரிய சக்திப் பம்பு செட் காலையில் ஓடத் தொடங்கும் விதம்

(உத்திரமேரூர் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

உத்திரமேரூர் வட்டத்தில் ஏரிப் பாசனத்துடன் கிணற்றுப் பாசனமும் நெடுங்காலமாக நடந்துவருவது யாவரும் அறிந்ததே. சம்பாப் பயிருக்கு ஏரி நீர் கைகொடுத்தாலும், சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரிக்கும், மார்கழியில் நாற்றுவிடும் நவரைக்கும், நிலக்கடலைக்கும் கரும்புக்கும் பெரும்பாலும் கிணற்றையும் ஆழ்குழாயையுமே நம்பவேண்டியிருக்கின்றது. இலவச மின் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த குடியானவர்களில் பலர், 2019-ஆம் வருஷத்தில் மத்திய அரசாங்கம் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்படி, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாயிலாக மானியம் பெற்றுச் சூரிய சக்திப் பம்பு செட்டுகளை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். திட்டம் தொடங்கியபோது மத்திய அரசாங்கம் 30 சதவீதமும் மாநில அரசாங்கம் 30 சதவீதமும் ஏற்றுக்கொள்வதென்று ஏற்பாடாயிற்று. எஞ்சிய தொகை குடியானவருடையது. அது சிறு தொகையன்று. ஆகையால் அந்த இயந்திரம் நெடுநாள் உழைக்கவேண்டுமென்று அவர் விரும்புவது நியாயமே.

இந்தப் பம்பு செட்டில் முக்கியமான அங்கங்கள் மூன்று. வெயிலை மின்சாரமாக மாற்றும் பேனல்கள் ஒன்று. கிணற்றுக்குள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டாரும் பம்பும் ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவே தூணில் மாட்டப்பட்டிருக்கும் கண்ட்ரோலர் பெட்டி மற்றொன்று. பேனலைத் துடைக்கவேண்டுமென்பது குடியானவர்களுக்குத் தெரியும். பம்பின் குணமும் அவர்களுக்குப் பழக்கமானதே. நடுவிலுள்ள பெட்டியின் போக்குத்தான் பலருக்கு விளங்குவதில்லை. "ஐயா, வெயில் சுள்ளென்று அடிக்கிறது, பெட்டி மட்டும் தூங்குகிறதே!" என்று சாலவாக்கம் பக்கத்திலும் மானாம்பதி பக்கத்திலும் என்னிடம் சொல்லாத கிராமம் இல்லை. சுவிட்சைப் போட்டவுடன் மோட்டார் ஓடுவதில்லை, மேகம் மறைத்து நின்றால் மறுபடி ஓடுவதற்கு நேரமாகின்றது, விடியற்காலையில் ஓடுவதும் நிற்பதுமாக இருக்கின்றது என்பன அவர்கள் கூறும் குறைகள். இவற்றிற் பெரும்பாலானவை குறைகளே அல்ல. பெட்டி காத்திருக்கும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைக் காப்பாற்றுவதற்காகவே காத்திருக்கின்றது. அஃது எதைக் காப்பாற்றுகின்றது என்று தெரிந்துகொண்டால், அதைத் தட்டி எழுப்பும் ஆசை குறையும்.

நின்றுகொண்டிருக்கும் இயந்திரத்தைக் கிளப்புவதே எக்காலத்திலும் கஷ்டமான காரியமாக இருந்துவந்திருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் சென்னை இராஜதானியில் எண்ணெய் எஞ்சினும் பம்பும் வைத்துக் கிணற்று நீரை இறைக்கும் முறையைப் பரப்ப முயன்றார். அந்த வழியில் வந்த டீசல் எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பிய பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? எஞ்சினின் மேலுள்ள சிறு லீவரைத் தூக்கி, உள்ளே காற்று அமுங்காமல் வெளியேறும்படி செய்வார்கள். பாரமில்லாமல் சக்கரம் வேகமாகச் சுழன்ற பிறகுதான் லீவரை விடுவார்கள். லீவரைத் தூக்காமல் கைப்பிடியைச் சுற்றப் போனவனுடைய மணிக்கட்டு என்ன ஆகும் என்பதையும் அவர்களே சொல்லுவார்கள். பாரமின்றித் தொடங்கி, வேகம் வந்தபின் பாரத்தை ஏற்றவேண்டுமென்ற இந்த விதியே, வேறு உருவத்தில், கண்ட்ரோலர் பெட்டிக்குள்ளும் இருக்கின்றது.

மின்சார மோட்டாரின் சங்கதியும் இதுவே. 5 குதிரைசக்தி மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 8 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அது நின்றிருக்கும்போது மின்சாரத்தை நேரே கொடுத்தால், வேகம் பிடிக்கும் வரையில் அதைப்போல் 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். மின்வாரியக் கம்பியில் இணைத்த மோட்டார் என்றால் அவ்வளவையும் டிரான்ஸ்பார்மர் ஒருவாறு கொடுத்துவிடும். விளக்குகள் சற்று மங்கித் தெளியும், அவ்வளவே. பெரிய மோட்டார்களுக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைப்பதும் இந்த முதல் இழுப்பைக் குறைப்பதற்காகத்தான். ஸ்டார் நிலையில் கம்பியிலிருந்து இழுப்பது மூன்றில் ஒரு பாகமாகின்றது. ஆனால் நமது கிராமங்களில் ஆட்டோ ஸ்டார்ட்டரை வைத்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கின்றது. மும்முனை மின்சாரம் வந்தவுடன் ஒரே டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பப் பார்க்கின்றன. வோல்ட்டேஜ் விழுந்துவிடுகின்றது. எந்த மோட்டாரும் சரியாக வேகம் பிடிக்காமல் முனகிக்கொண்டு நிற்கின்றது, காயில் சுடுகின்றது. காயில் கட்டும் கடைகளுக்கு இதனால் கிடைக்கும் வருமானம் கொஞ்சமன்று.

பேனலின் நிலைமை இதைவிட இக்கட்டானது. 330 வாட் பேனல்கள் 15-ஐ ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து 5 குதிரைசக்திப் பம்புக்கு வைத்திருப்பதாகக் கொள்வோம். நல்ல வெயிலில் அவை சுமார் 560 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக மின்னோட்டம் தருகின்றன. இரண்டு முனைகளையும் நேரே சேர்த்துவிட்டாலும் அதே 9 ஆம்பியருக்குச் சற்று மேல்தான் போகும். அதற்கு மேல் ஒரு துளியும் கிடைக்காது. மின்வாரியக் கம்பி, கேட்டால் கடன் கொடுக்கும் செட்டியாரைப் போன்றது. பேனலோ அன்றன்று கிடைக்கும் கூலியை மட்டும் கையில் வைத்திருக்கும் ஆள். அவனிடம் ஏழு நாட் கூலியை ஒரே நாளில் கேட்பதில் பிரயோஜனமில்லை. கேட்டால் என்ன நடக்குமெனில், வோல்ட்டேஜ் சட்டென்று விழுந்து, மோட்டாருக்கு மட்டுமன்றிப் பெட்டியின் மூளைக்கும் மின்சாரம் இல்லாமற் போய்விடும்.

விடியற்காலையில் இன்னொரு மாயமும் உண்டு. பேனலின் வோல்ட்டேஜ் வெளிச்சத்தின் அளவோடு சமமாக ஏறுவதில்லை. கிழக்கு வெளுத்துச் சிறிது நேரத்திலேயே, ஒன்றும் இணைக்காத நிலையில், அது முழு வெயிலில் இருக்கவேண்டிய வோல்ட்டேஜிற் பெரும்பாகத்தைக் காட்டிவிடுகின்றது. மீட்டரைப் பார்ப்பவர், "வோல்ட்டேஜ் வந்துவிட்டது, ஏன் ஓடவில்லை?" என்று கேட்கிறார். வோல்ட்டேஜ் வந்தது மெய்தான். ஆனால் அதன் பின்னே ஆம்பியர் இல்லை. மோட்டாரை இணைத்தவுடன் அந்த வோல்ட்டேஜ் பனிபோல் மறைந்துவிடும். பெட்டி மோட்டாரை விடுவித்ததும் மறுபடி ஏறி நிற்கும். இதை அறியாத கண்ட்ரோலர் காலை முழுவதும் கிளம்புவதும் விழுவதுமாகவே இருக்கும். சரியாகச் செய்த பெட்டி, ஒரு முறை முயன்று தோற்றால் சிறிது நேரம் பொறுத்து, வெளிச்சம் கூடியபின்னரே மறுமுறை முயல்கின்றது. அதுவே நாம் தூக்கம் என்று எண்ணுவது.

இனிப் பெட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். பேனலின் வோல்ட்டேஜ் நூற்றுக்கணக்கில் இருக்க, பெட்டியின் மூளையாகிய சில்லுகளுக்கு வேண்டியதோ சில வோல்ட்டே. ஆகையால் பெரிய வோல்ட்டேஜைச் சிறியதாக மாற்றித் தரும் ஒரு சிறிய மின்மாற்று அமைப்பு உள்ளே இருக்கின்றது. ஒரு ஸ்விட்சை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி அது வேலை செய்கின்றது. அந்த ஸ்விட்சை ஆட்டிவைப்பதற்கும் ஒரு சில்லு வேண்டுமல்லவா? அந்தச் சில்லுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? அமைப்பு ஓடினால்தான் மின்சாரம் உண்டாகும். மின்சாரம் இருந்தால்தான் அமைப்பு ஓடும். இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் ரசமானது.

யூனிட்ரோட் என்னும் அமெரிக்கக் கம்பெனி 1980-களில் வெளியிட்டு, இன்றும் உலகெங்கும் பலவகை மின்பெட்டிகளில் வழங்கிவரும் யு.சி. 3842 என்ற சில்லை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். நமது பெட்டிகளில் வேறு சில்லு இருக்கக்கூடும், வழி ஒன்றே. உயர்ந்த வோல்ட்டேஜிலிருந்து ஒரு பெரிய மின்தடை வழியாக மின்சாரம் சொட்டுச் சொட்டாக ஒரு சிறு கண்டென்சரில் சேருகின்றது. சேர்ந்துகொண்டிருக்கும்போது சில்லு ஏறக்குறைய ஒன்றுமே செலவழிக்காமல் உறங்குகின்றது. கண்டென்சரில் 16 வோல்ட் சேர்ந்தவுடன் விழித்து, ஸ்விட்சை ஆட்டத் தொடங்குகின்றது. விழித்தபின் அதன் செலவு, சொட்டும் வரவைவிட அதிகம். ஆகையால் கண்டென்சரின் இருப்புக் குறைந்துகொண்டே வருகின்றது. அஃது 10 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள், ஓடத் தொடங்கிய டிரான்ஸ்பார்மரின் ஒரு சுற்றிலிருந்து சில்லுக்கு வேண்டிய மின்சாரம் வந்து சேர்ந்துவிடவேண்டும். குதிரில் இருக்கும் நெல்லைக்கொண்டு அறுவடை வரையில் காலம் தள்ளுவதைப் போன்றது இது. அறுவடை வந்துவிட்டால் கவலையில்லை. எங்கேனும் கோளாறு இருந்து அறுவடை வரவில்லையெனில், 10 வோல்ட்டில் சில்லு மறுபடி உறங்கிவிடும். மறுபடி சொட்டுச் சேர்ந்து 16-ல் விழிக்கும்.

16-க்கும் 10-க்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைக் கவனிக்கவேண்டும். விழிப்பதும் உறங்குவதும் ஒரே வோல்ட்டில் என்று வைத்திருந்தால், விழித்த மறுநொடியே இருப்புச் சற்றுக் குறைய, உறங்கி, உடனே விழித்து, இப்படியே அதிர்ந்துகொண்டிருக்கும். பாதி விழிப்பில் இருக்கும் சில்லு ஸ்விட்சை முழுவதும் திறவாமலும் முழுவதும் மூடாமலும் வைக்கும். ஸ்விட்சு சூடேறி வெடிக்கும். ஆகையால் முழு விழிப்பு, இல்லையேல் முழு உறக்கம் என்று வகுத்திருக்கிறார்கள். பெட்டியின் முகப்பில் விளக்கு ஒழுங்காக மின்னி மின்னி அணையுமாயின், உள்ளே இந்த விழிப்பும் உறக்கமும் மாறிமாறி நடப்பதாக இருக்கலாம். அந்நேரத்தில் சுவிட்சைப் பலமுறை போட்டெடுப்பது நோயாளியை உலுக்குவதற்கு ஒப்பாகும். கம்பெனியாருக்குச் சொல்லியனுப்புவதே தக்கது.

சிறிய அமைப்பு நிலைத்து ஓடியபின் பெரிய வேலைக்கு ஆயத்தம் நடைபெறுகின்றது. மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் தருவதற்கு மூன்று சோடியாக ஆறு பெரிய குறைக்கடத்தி ஸ்விட்சுகள் இருக்கின்றன. ஒரு சோடியின் மேலதும் கீழதும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டால், பேனலின் இரண்டு முனைகளும் உள்ளிருக்கும் பெரிய கண்டென்சர்களும் நேரே முட்டிக்கொண்டு, கண்ணிமைப்பதற்குள் ஸ்விட்சுகள் கருகிவிடும். ஆகையால் மூளை தெளியும் வரையில் ஆறும் கட்டாயமாக மூடியே வைக்கப்படுகின்றன. பின்னரும், ஒன்றை மூடி மற்றொன்றைத் திறப்பதற்குமுன் வினாடியின் பத்து லட்சத்தில் சில பாகம் இரண்டும் மூடியிருக்கும்படி இடைவேளை விடப்படுகின்றது. பெரிய கண்டென்சர்களும் வெறுமையாக இருக்கையில் திடீரென்று மின்சாரத்தை இழுக்கும் சுபாவமுடையவை. பேனல் தன் அளவுக்குமேல் தராதாகையால் அதனால் வரும் அபாயம் குறைவு. ஆனால் மின்வாரியக் கம்பியையும் சேர்த்து இணைக்கத்தக்க பெட்டிகளில் அபாயம் பெரிது. அத்தகைய பெட்டிகளில் முதலில் ஒரு மின்தடை வழியாக மெதுவாக நிரப்பி, நிரம்பியபின் ஒரு ரிலே அந்தத் தடையை விலக்குகின்றது. போட்டவுடன் சற்றுப் பொறுத்து 'டக்' என்று கேட்கும் சத்தம் பெரும்பாலும் அதுவே.

இப்போதுதான் மோட்டாரின் முறை வருகின்றது. நமது நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 ஸைக்கிள், அதாவது இக்காலத்தில் வழங்கும் பேச்சில் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் வேகம் இந்த எண்ணைப் பொறுத்தது. கண்ட்ரோலர் தானே ஸைக்கிளை உண்டாக்குவதால், 50-ல் தொடங்கவேண்டிய அவசியமில்லை. பூச்சியத்துக்கு அருகிலிருந்து தொடங்கி, ஸைக்கிளும் வோல்ட்டேஜும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக ஏறும்படி செய்கின்றது. மோட்டார் கூடவே ஏறி வருவதால், அந்த 5 மடங்கு 7 மடங்கு இழுப்புக்கே இடமில்லாமற் போகின்றது.

மெதுவாக ஏற்றவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எந்தக் கண்ட்ரோலரும் வேண்டிய அளவையும் கிடைத்த அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறைவு இருந்தால் இன்னும் திற, மிகுதி இருந்தால் மூடு என்று வேலை செய்வது. தொடக்கத்தில் கிடைத்த அளவு பூச்சியம், குறைவு முழுக்குறைவு. ஆகையால் மூளை, "திற, திற" என்று கடைசி வரையில் திறந்துவிடுகின்றது. அளவு வந்து சேர்ந்தபின்னும் அந்த வேகத்தில் மீறிப் போய்விடுகின்றது. ஏரி மதகை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. கடைமடை வயலில் தண்ணீர் இல்லை என்று மதகை ஒரேயடியாகத் தூக்கினால், கடைமடைக்கு நீர் எட்டுமுன் தலைமடை வாய்க்காலின் கரை உடைந்துவிடும். நமது ஊரில் 919, 921-ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தக சோழர் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்களில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் கூறப்பட்டிருக்கின்றது. வயிரமேக தடாகம் என்று பெயர்பெற்ற இவ்வூர் ஏரியின் கீழ் ஆயிரம் வருஷமாக மதகு திறந்தவர்களுடைய சந்ததியாருக்கு, சிறிது தூக்கி, நீர் ஓடிச் சேர விட்டு, பின் மறுபடி தூக்கவேண்டுமென்பதை நான் கற்பிக்கவேண்டியதில்லை. கண்ட்ரோலரில், வேண்டிய அளவு என்ற குறியையே முதலில் தாழ வைத்துப் படிப்படியாக உயர்த்துகிறார்கள். இதற்கே மென்தொடக்கம் என்று பெயர்.

ஆனால் மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? இங்கேதான் பலர் தவறுகிறார்கள், மெக்கானிக்குகளும் தவறுவதுண்டு. மெதுவாக ஏற்றுவது நல்லது என்றால் மிக மெதுவாக ஏற்றுவது மிக நல்லது என்று எண்ணி, ஏறும் காலத்தை நீட்டி வைத்துவிடுகிறார்கள். நீர்மூழ்கி மோட்டாரின் அடியில் பம்பின் கீழ்நோக்கிய அழுத்தம் முழுவதையும் தாங்கும் ஒரு பேரிங் இருக்கின்றது. அதற்கு எண்ணெய் இல்லை. மோட்டாருக்குள் இருக்கும் திரவத்தின் மெல்லிய படலமே அதற்கு எண்ணெய். வேகம் இருந்தால்தான் அந்தப் படலம் உண்டாகும். வேகம் குறைந்தால் உலோகமும் கார்பனும் நேரே உராயும். ஆகையால் நீர்மூழ்கி மோட்டார் செய்யும் கம்பெனிகள், நின்ற நிலையிலிருந்து 30 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 1 வினாடிக்குள் எட்டிவிடவேண்டும், ஓடும்போதும் 30-க்குக் கீழே ஓட்டலாகாது என்று விதிப்பது வழக்கம். 30-க்குமேல் மெதுவாக ஏறலாம். 30 வரையில் விரைவாகக் கடக்கவேண்டும். தரையில் இருக்கும் மோனோபிளாக் பம்புக்குச் சரியான கணக்கு, கிணற்றுக்குள் இருக்கும் மோட்டாருக்குச் சரியாகாது. மோட்டாருடன் வந்த புஸ்தகத்தைப் பார்த்து அமைக்கவேண்டியது இது.

30 ஹெர்ட்ஸில் ஓடத் தொடங்கிவிட்டால் தண்ணீர் வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பம்பு கொடுக்கக்கூடிய உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தும், அது விழுங்கும் சக்தி வேகத்தின் கனத்தைப் பொறுத்தும் மாறுகின்றன. 50 ஹெர்ட்ஸில் அதிகபட்சம் 60 மீட்டர் உயரத்துக்குத் தள்ளவல்ல பம்பு, 40 ஹெர்ட்ஸில் சுமார் 38 மீட்டருக்கே தள்ளும். உங்கள் ஆழ்குழாயில் நீர்மட்டம் 40 மீட்டர் கீழே இருக்குமாயின், 40 ஹெர்ட்ஸில் மோட்டார் சுற்றும், ஆம்பியர் காட்டும், குழாயில் மட்டும் ஒரு சொட்டும் வராது. காலை 7 மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டும் தொட்டி காய்ந்திருப்பதன் காரணம் இது. நீர் வெளியேறாமல் சுற்றினால் அதே நீர் பம்புக்குள் சுழன்று சூடேறும். மோட்டாரைக் குளிர்விக்கும் நீரோட்டமும் இராது. ஆகையால் அவ்வேகத்தைத் தாண்டும் அளவுக்கு வெயில் வரும் வரையில் பெட்டி காத்திருக்கும்படி அமைப்பது மோட்டாருக்கு நன்மை. கோடையில் நீர்மட்டம் இறங்க இறங்க, தண்ணீர் வரும் நேரம் காலையில் பின்தள்ளிப் போவதும் இக்காரணத்தாலேயே. பெட்டி கெட்டுப்போயிற்று என்று அதற்காக விண்ணப்பம் எழுதவேண்டாம்.

தண்ணீர் வரத் தொடங்கியபின் பெட்டி சும்மா இருப்பதில்லை. வேகத்தைச் சிறிது கூட்டிப் பார்க்கின்றது, சக்தி கூடினால் மேலும் கூட்டுகின்றது, குறைந்தால் பின்வாங்குகின்றது. மேகம் வந்து வோல்ட்டேஜ் இறங்கத் தொடங்கினால், முழுதும் விழுமுன் வேகத்தைத் தணித்துக்கொள்கின்றது. தணித்தும் முடியாதபோதுதான் நிற்கின்றது.

நின்றபின் உடனே ஓடக்கூடாது என்பதைக் குறித்துச் சற்று விரிவாக எழுதவேண்டியிருக்கின்றது. பம்பு நின்றவுடன் குழாயில் மேலேறியிருந்த நீர்த்தூண் கீழே இறங்கப் பார்க்கும். பின்வாங்கா வால்வு சரியாக இருந்தால் அதைத் தாங்கிக்கொள்ளும். வால்வு இல்லாவிட்டாலோ, மணல் மாட்டிச் சரியாக மூடாவிட்டாலோ, நீர் பம்பு வழியாகவே இறங்கி, அதைத் தலைகீழாகச் சுழற்றும். அப்படிப் பின்னோக்கிச் சுழலும் தண்டை முன்னோக்கித் திருப்ப மோட்டார் முயன்றால், முறுக்கு முழுவதும் தண்டின்மேலும் அதன் இணைப்பின்மேலும் விழும். நீர்த்தூண் இறங்கி ஓய்வதற்கென்றே மறுதொடக்கத்துக்கு முன் சில நிமிஷம் இடைவேளை வைத்திருக்கிறார்கள்.

இவ்வட்டத்தில் ஒரு குடியானவர் ஆழ்குழாயில் 5 குதிரைசக்திப் பம்பு வைத்து ஒன்றரை ஏக்கரில் சொர்ணவாரி நெல் பயிரிட்டிருந்தார். ஆனி மாதத்தில் மேகமும் வெயிலும் மாறிமாறி வந்த நாட்களில், ஒவ்வொரு மேகத்துக்கும் நின்று, நின்றபின் சில நிமிஷம் காத்திருக்கும் பெட்டி அவருக்குப் பொறுக்கவில்லை. கதிர் வெளிவரும் தருணம். அவருடைய பதற்றத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு மெக்கானிக் வந்து, இரண்டு நிமிஷ வேலையில் அந்த இடைவேளையை எடுத்துவிட்டுக் கூலியும் வாங்கிச் சென்றார். பெட்டி சுறுசுறுப்பாயிற்று, மூன்று நாள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நான்காம் நாள் மோட்டார் ஓடும் சத்தம் இருந்தது, தண்ணீர் இல்லை. பம்பை மேலே தூக்கிப் பார்த்தபோது, வால்வில் மணலும் கூழாங்கல்லும் சிக்கியிருக்க, தண்டின் இணைப்பு முறிந்திருந்தது. அமைத்த கம்பெனி 5 வருஷம் பராமரிக்கவேண்டுமென்பது திட்டத்தின் நிபந்தனை. ஆனால் அமைப்பை வெளியார் மாற்றியிருக்கின்றார் என்று பெட்டியே கணக்கு வைத்திருந்தமையால், கம்பெனியார் மறுத்துவிட்டார்கள். இணைப்பு வாங்கி, பம்பைப் பூட்டி இறக்குவதற்குள் 11 நாள் ஆயிற்று. பக்கத்துக் கிணற்றுக்காரர் தம் கடலைக்கு விடும் நீரில் பாதியைக் குழாய் போட்டுக் கொடுத்ததால் முக்கால் ஏக்கர் தப்பியது. மீதிக் கதிர்கள் பெரும்பாலும் பதரே. அந்தப் பதருக்கு ஈடாகக் கிடைத்தது, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சில நிமிஷம் மிச்சம் என்ற லாபம் ஒன்றே.

கிணறு வற்றியபோது பெட்டி தானே நின்று, வழக்கமாக அரைமணி அல்லது அதற்குமேல் காத்திருப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. பம்பு வேகமாகச் சுற்றியும் குறைந்த சக்தியே இழுத்தால் உள்ளே நீரில்லை என்று அறிந்துகொள்கின்றது. ஊற்று ஊறுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை நமது கிணறுதான் தீர்மானிக்கின்றது, பெட்டியன்று.

புதிதாகப் பம்பு செட் அமைப்பவர்கள், அமைக்கும் நாளன்று கூடவே இருந்து சிலவற்றைக் கேட்டு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். குறைந்த வேகம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று அமைத்திருக்கிறார்கள், அதை எத்தனை வினாடியில் எட்டுகின்றது, நின்றபின் மறுதொடக்கத்துக்கு எத்தனை நிமிஷம், நீரின்றி நின்றால் எத்தனை நிமிஷம் என்பவை முக்கியம். பெட்டியின் முகப்பில் வரும் கோளாறுக் குறிகள் ஆங்கில எழுத்தாகவே இருப்பது ஒரு பெருங்குறை. மானியத்தில் வரும் இயந்திரத்துக்குத் தமிழில் ஒரு அட்டை ஒட்டித் தருவது கம்பெனிகளுக்கு அரிய காரியமன்று. அது வரும் வரையில், அமைப்பவரையே சொல்லச் செய்து அவற்றின் பொருளைத் தமிழில் எழுதி, பெட்டிக்கதவின் உட்புறம் ஒட்டிக்கொள்ளலாம். முதல் ஓட்டத்திலேயே நீரின் அளவைப் பார்த்து, மோட்டாருக்குச் செல்லும் மூன்று கம்பிகளில் இரண்டை அவரைக்கொண்டே மாற்றிப் பூட்டச் செய்து, மறுபடி அளக்கவேண்டும். எந்த வகையில் நீர் அதிகம் வருகின்றதோ அதுவே சரியான சுழற்சி. தலைகீழாகச் சுற்றும் பம்பும் சிறிது நீர் கொடுக்குமாகையால், இதைப் பாராமல் மாதக்கணக்கில் அரைகுறை நீருக்குப் பயிரிடுவோர் உண்டு.

பம்பை மேலே எடுக்கும் சந்தர்ப்பம் வந்தால், பின்வாங்கா வால்வைக் கழற்றிக் கழுவி, அடைக்கும் தட்டு சரியாக உட்காருகின்றதா என்று ஊதிப் பார்த்துவிட்டே இறக்கவேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கம்பிகளின் இணைப்பைப் பிடுங்குதல் கூடவே கூடாது. மின்வாரிய மின்சாரம் வினாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டு வருவதால் அதில் எழும் பொறி தானே அணையும். பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் இடைவிடாது செல்வதாகையால், எழுந்த பொறி அணையாமல் நீண்டு எரியும். முதலில் பெட்டியில் நிறுத்தி, பின் டி.சி. ஐசொலேட்டரைத் திருப்பவேண்டும். மேலே சொன்ன 15 பேனல் தொடரில், ஒன்றும் ஓடாதபோது நிற்கும் வோல்ட்டேஜ் சுமார் 690 வரை இருக்கலாம். ஐசொலேட்டரைத் திருப்பியபின்னும் பெட்டிக்குள்ளிருக்கும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். எத்தனை நிமிஷம் கழித்துத் திறக்கலாம் என்று மூடியின்மேல் அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் 5 நிமிஷமோ அதற்கு மேலோ. அந்த எண்ணையும் நோட்டுப் புஸ்தகத்தில் முதற்பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்; மூடியின் அச்சு இரண்டு கோடை வெயிலில் அழிந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.